கழன்று விழுந்த காரணி

நேப்பிள்ஸில் ரொஸால்பாவின் சந்தில் ஒருத்தர் தும்மினால், துறைமுகத்துக் கப்பலிலிருந்து ‘நூறாயுசு’ என்று பதில் வரும். அந்தச் சந்தின் தரைத்தளத்தில் அவளுடைய முடிவெட்டும் கடை; நாலாம் மாடியில் வீடு. புருஷன் சவேரியோ அங்கிருந்து கயிற்றுக் கூடையில் அவளுக்குச் சாப்பாடு இறக்குவான். நாற்பது வயதில் மாலைப் பள்ளியில் சேர்ந்தவளுக்கு மறுநாள் கணக்குப் பரீட்சை. கூடப் படிக்கும் பஸ் டிரைவர் நாந்தோவோடு கடையில் உட்கார்ந்து, ஒரு நான்காம் படிப் பல்லுறுப்புக் கோவையின் பூச்சியங்களைத் தேடிக்கொண்டிருந்தாள். ஒரு காரணியைப் போட்டு வகுத்ததும் மீதியே இல்லாமல் போனது.

“ஒரு காரணி கழண்டுது. இனி மூணாம் படிதான்க்கா,” என்றான் நாந்தோ.

சந்தோஷத்தைப் புருஷனிடம் கத்திச் சொல்ல வாசலுக்கு ஓடினாள். கட்டடத்துக்கு மூன்றே மாடி. அதற்கு மேல் வானம்.

“டேய், என் வீடு எங்கேடா?”

“கடைக்குப் பின்னாடிதானே படுத்துக்கறே! பரீட்சைப் பயம் மூளைக்கு ஏறிடுச்சா?”

“அப்போ சவேரியோ?”

“அது யாருக்கா?”

“நேத்து சீட்டாட்டத்துல உன் சட்டைவரைக்கும் ஜெயிச்ச மனுஷன்டா!”

நாந்தோ தன் சட்டையைத் தடவிப் பார்த்தான். அவள் உள்ளே ஓடி, பிரித்த காரணியை மறுபடி பெருக்கினாள். நான்காம் படிக் கோவை ஒரு குறிகூடப் பிசகாமல் திரும்பி வந்தது. வெளியே வந்து பார்த்தால் அதே மூன்று மாடி. அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏழு தெருவுக்குக் கேட்கிற தொண்டையில் “சவேரியோ!” என்று கூப்பிட்டாள்.

வெறும் ஆகாயத்திலிருந்து கயிற்றில் ஒரு கூடை ஆடி ஆடி இறங்கி, அவள் கைக்கெட்டும் உயரத்தில் நின்றது. உள்ளே ஒரு தட்டுப் பாஸ்தாவிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் அசையாமல் பார்த்தாள். சீக்கிரம் எடு என்பதுபோல், மேலேயிருந்து யாரோ கயிற்றை இரண்டு முறை சுண்டி இழுத்தார்கள்.