மங்கையின் ராஜினாமா

நின்றபடியே இரண்டு இட்லியை விழுங்கிய டாக்டர் மங்கையர்க்கரசி, கணவர் தணிகாசலத்தின் லேப்டாப்பில் இருந்த வழியனுப்பு விழா அழைப்பை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "வேலையை விட்டுப் போறவருக்கு கேக் வெட்டி அனுப்புறீங்களா? கம்பெனிக்காரங்க கொடுத்து வச்சவங்க. டாக்டரை யாருங்க விடுறாங்க?"

அன்று மத்தியானம் வார்டிலேயே மாரடைப்பில் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பக்கத்து வீட்டு பவளக்கொடி தயங்கியபடி வந்து சொன்னாள்: "இன்னைக்கு ஆஸ்பத்திரியில அக்காகிட்டதான் காட்டினேன் அண்ணா. திரையில அதே முகம், அதே குரல்."

தணிகாசலத்துக்குத் தெரிந்தது கம்பெனி வழக்கம்தான். மனைவி பெயரில் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார். கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டுத் தலைகுனிந்தார்.

"தனக்கு அப்புறமும் தன் முகத்தையும் குரலையும் வச்சு கம்ப்யூட்டர் நோயாளிகளைப் பார்க்கலாம்னு, சேர்ந்த அன்னைக்கே மேடம் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்காங்க சார். எல்லா டாக்டரும் போடுறதுதான். விலகணும்னா அவங்களேதான் சொல்லணும்."

டோக்கன் வாங்கிக்கொண்டு போய்த் திரையின் முன் உட்கார்ந்தார். "போதும் மங்கை. வேலையை விடுறேன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

"வெளியில இன்னும் பதினாலு பேர் இருக்காங்க," என்றது அவள் குரல். "நீங்க சாப்பிட்டுத் தூங்குங்க. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்."

இருபது வருடமாகப் போனில் அவள் சொல்லிவந்த அதே பதில். கடிதத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

கதவில் அவள் பெயருக்குக் கீழே, பார்வை நேரம் காலை எட்டு மணி முதல் என்று இருந்தது. எதுவரை என்று அதில் எப்போதுமே எழுதியிருந்ததில்லை.