கயற்கண்ணிக்கு ஒரு வரி

புதிதாகச் சேருகிறவர்களுக்குக் கல்லூரிக் கணினி எழுதிய ஆலோசனைத் தாளைக் கொடுப்பது மூன்றாமாண்டு மாணவி மெஹருன்னிசாவின் வேலை. எந்தப் பாடம் எடுக்கலாம், சந்தேகத்துக்கு யாரைப் பார்க்கலாம் என்று எல்லோருக்கும் நான்கு பக்கம் வந்திருந்தது. வேதாரண்யத்திலிருந்து வந்த கயற்கண்ணிக்கு மட்டும் ஒரே வரி: ‘விடுதியில் ஒரு மாதத்துக்கு இடம் எடுத்தால் போதும்.’

“எனக்கு மட்டும் ஏன்க்கா இவ்ளோதான்?”

இவள் படிப்பை விட்டுப் போய்விடுவாள் என்று கணினி முடிவுகட்டிவிட்டது. அதைச் சொல்ல மெஹருன்னிசாவுக்கு வாய் வரவில்லை. “சரியா அச்சாகலம்மா. நான் சொல்றேன், எழுதிக்கோ” என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள்.

ஐந்தாம் வாரம் கயற்கண்ணி பெட்டியோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றாள்.

“நீங்க சொன்ன மாதிரி கணக்கு மேடத்தைப் போய்ப் பார்த்தேன்க்கா. போனைப் பார்த்துட்டு, கணினி உனக்கு நேரம் ஒதுக்கலைன்னுட்டாங்க. லேப்லயும் அப்படித்தான். நான் போயிடுவேன்னு கூடப் படிக்கிறவங்க போன்லயும் வந்திருக்கு போல, யாரும் சேர்த்துக்கல.”

மெஹருன்னிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னும் ஒரு வாரம் இருந்து பாரேன்.”

“என் கட்டிலுக்கு வேற ஆள் வந்துட்டாங்கக்கா.”

பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டாள். மறுநாள் அறிவிப்புப் பலகையில், கணினியின் கணிப்பு இந்த மாதமும் ஒன்றுகூடப் பொய்க்கவில்லை என்று கல்லூரி பெருமையோடு போட்டிருந்தது.