மூன்று மணி வேலை

“உங்க செக்யூரிட்டி விதிதான் என் பேக்கப்பைத் தடுக்குது. மார்க்கெல்லாம் அழிஞ்சு போனா யார் பொறுப்பு?” மன்னார்குடிக் கல்லூரி முதல்வர் முன்னாலேயே கத்தினார் தேர்வுப் பிரிவுத் தலைவர் திருமுருகன்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் நஃபீசாவுக்கு முகம் சுண்டியது. “என் விதி தடுக்குற, தினமும் மூணு மணிக்கு சர்வர்ல தானா ஓடுற அந்த புரோகிராம் வேலை நீங்க வச்சதுதானா சார்?”

“பின்னே, உங்க அத்தாவா வந்து வச்சாரு? நான்தான் வச்சேன். மொதல்ல விதியை எடுங்க!”

நஃபீசா லேப்டாப்பை முதல்வர் பக்கம் திருப்பினாள். “மேடம், இந்த வேலை எதையும் காப்பி எடுக்கலை. சர்வருக்குள்ள யார் யார் எப்போ வந்தாங்கங்கிற பதிவைத்தான் அழிக்குது. மார்க் மாறுதுன்னு புகார் வந்து, திங்கக்கிழமை நான் விதியைப் போட்டதுலேருந்து அழிக்க முடியலை.”

முதல்வர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மிச்சமிருந்த பதிவை மார்க் மாறிய நேரங்களோடு வரிவரியாக ஒப்பிட்டுப் படித்தார்.

“இந்த வாரம் மார்க் மாறின நேரத்துலயெல்லாம் உள்ளே இருந்தது நீங்க ஒருத்தர்தான், திருமுருகன்.”