கறிக்கடைக்காரர் வீட்டுச் சாப்பாடு

"கறிக்கடைக்காரன் வீட்டுல முட்டைகோஸ்! வெளில சொன்னா கைகொட்டிச் சிரிப்பான்."

தட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எதிரில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார் அவர். சந்தையில் இருபது வருடமாகக் கறிக்கடை நடத்துகிறவர். மதிய வியாபாரம் முடிந்து, குளித்துவிட்டு அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"சிரிக்காம என்ன செய்வாங்க? கொல்லன் பொண்டாட்டி எனக்கு நெருப்பு ஆகாதுன்னாளாம், அந்தக் கதைதான்," என்றார் அக்கா.

"இவ சாப்பிடலைன்னா இவளோட போகட்டுமே. ஒரு மாசமா வீட்டுக்கே பத்தியம்! கறி வாசனை பட்டாலே குமட்டுதாம் மகாராணிக்கு."

மனைவி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பருப்பை ஊற்றினாள். அவர் திட்டிக்கொண்டே பிசைந்து சாப்பிட்டார்.

"இதுல சேவை வேறக்கா. வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலமானா பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறா. எங்கடின்னா சேவை மையமாம். என்ன சேவைன்னு கேட்டா, அதை வெளில சொல்லக் கூடாதாம். பெரிய உளவுத்துறை!"

"தரை துடைக்க விட்டிருப்பாங்க. சொல்ல வெக்கமா இருக்கும்."

உள்ளறையிலிருந்து மகளின் குரல் வந்தது. "எனக்கு என்னிக்கு டெஸ்ட்டோ, அம்மாவுக்கு அன்னிக்குத்தான் சேவை வரும் அத்தை!"

"கேட்டியா தம்பி? பெத்தது இங்க தவிக்குது, இவ ஊருக்குத் தொண்டு செய்யப் போறா. சொந்தக் குழாய் ஒழுகறதை விட்டுட்டு அடுத்த தெருவுக்குத் தண்ணி சுமக்கறவ!"

மகளின் பள்ளிச் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டியாகிவிட்டது. இரவுச் சாப்பாடு செய்து மூடி வைத்தாகிவிட்டது. கடையில் அவர் கட்டும் துணியை ரத்தக் கறை போக அலசிக் காயப் போட்டாகிவிட்டது. இதையெல்லாம் சொல்லிக்காட்டும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"அதனாலதான் நான் வெறுங்கையோட வரலை," என்றபடி அக்கா பைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். "உனக்குன்னே வறுத்தேன். நீ சாப்பிடு, யார் என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

மூடி பாதி திறந்ததும் வாசனை கூடத்தை நிறைத்தது. அவருடைய கை சோற்றிலேயே நின்றது.

மனைவி ஒரே எட்டில் வந்து டப்பாவை மூடினாள். "மன்னிச்சுக்கங்க அண்ணி. இந்த வீட்டுக்குள்ள இது வேணாம்." சொன்னதோடு நில்லாமல் அதைக் கொண்டுபோய் வாசல் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "கூடப்பிறந்தவனுக்கு நான் ஒரு வாய் கொடுக்கக் கூடாதா? ஏம்மா, கறி நாறுது, கறி வித்த காசு மட்டும் மணக்குதோ?"

"என் அக்கா கொண்டு வந்ததைத் தூக்கி வெளில வைக்க நீ யாருடி?" அவர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். "புத்தி பேதலிச்சுப் போச்சா? சேவை சேவைன்னு போறியே, அங்கயே ஒரு மூலையில பாய் போட்டுப் படுத்துக்க. இங்க யாரும் உன்னைத் தேட மாட்டாங்க!"

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்தாள். "நேரமாச்சுங்க, போயிட்டு வந்துடறேன்."

"பார்த்தியா! எருமை மேல மழை பெஞ்ச மாதிரி போறா," என்ற அக்கா, வாசலில் இருந்த டப்பாவை எடுத்துக்கொண்டு, அவளைத் திரும்பியும் பார்க்காமல் இறங்கிப் போனார்.

சேவை மையம் என்பது ஒரு மாடியறை. மூன்று மேசை, மூன்று தொலைபேசி. மனம் நொந்தவர்கள் யாரும் தங்கள் பெயரைச் சொல்லாமல் கூப்பிட்டுப் பேசலாம். அங்கே கேட்டதையும், அங்கே வேலை செய்வதையும் வீட்டில்கூட மூச்சு விடக் கூடாது. புதிதாகச் சேர்ந்தவர்கள் பேசவும் கூடாது. பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டுப் பழக வேண்டும். அவள் உட்கார்ந்தது, எல்லோரும் சோடாபுட்டி என்று கூப்பிடும் கண்ணாடிக்காரருக்குப் பக்கத்தில்.

தொலைபேசி அடித்தது.

"சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்," என்றார் சோடாபுட்டி.

மறுமுனையில் ஓர் ஆணின் குரல். "நான்தான் சார். போன மாசம் பேசினேனே."

"ஞாபகம் இருக்கு. இப்ப சாப்பிட முடியுதா?"

"முடியுது சார். வீட்டுக்காரிக்கு என்ன கிறுக்குப் பிடிச்சுதோ, அவளாவே எல்லாத்தையும் நிறுத்திட்டா. நாலு வாய் உள்ள போகுது. ஆனா, யாரும் என்னைச் சந்தேகப்படக் கூடாதுன்னு அவளை வாய்க்கு வந்தபடி திட்டறேன் சார். இன்னைக்கு அவ அழுதுக்கிட்டே போனா..."

"அவங்ககிட்டயே மனசு விட்டுச் சொல்லலாமே?"

"ஐயோ, வேணாம் சார்! இருபது வருஷமா வெட்டின கை இப்ப கத்தியைத் தொட்டாலே நடுங்குது, கறியைப் பார்த்தாலே குடலைப் புரட்டுதுன்னு ஒரு கறிக்கடைக்காரன் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் பொண்டாட்டிகிட்ட சொல்வான்?"

பக்கத்து நாற்காலியில் அவள் அழுகைச் சத்தம் வெளியே வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள். போன மாதம் இதே இடத்தில் இந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போன அன்றுதான், கறி வாசனை தனக்குக் குமட்டுகிறது என்று அவள் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.