அடித்தவனுக்குள்

குடும்ப நல ஆலோசகர் உரிமம் வாங்க மாதங்கிக்கு ஒரே ஒரு தேர்வுதான் பாக்கி. மனைவியை அடித்த ஒருவனின் நினைவுக்குள் புகுந்து, அவனாகவே அந்தச் சண்டையை வாழ்ந்து முடிக்க வேண்டும்.

அந்த நினைவு ஏற்றப்பட்ட தலைக்கவசத்தை மாட்டியதும் அவள் அவனுடைய சமையலறையில் நின்றாள். அவன் மனைவி எதிர்த்து ஏதோ சொன்னாள். மாதங்கிக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஓங்கி விட்ட முதல் அறையில் அந்தப் பெண்ணின் உதடு கிழிந்தது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதியபோது மூக்கெலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. அந்த மனைவி கெஞ்சக் கெஞ்ச அடி விழுந்துகொண்டே இருந்தது.

தேர்வாளர் நசீமா கவசத்தைக் கழற்றினார். “நடுவுல நிறுத்தணும்னு தோணுச்சாம்மா?”

தோன்றியது என்று சொல்லத்தான் மாதங்கி வாயைத் திறந்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “இல்ல மேடம். அடிக்க அடிக்க நல்லா இருந்துச்சு.”

நசீமா அவளையே பார்த்தார். “தோணுச்சுன்னு சொன்னவங்க யாரையும் நான் பாஸ் பண்ணதில்ல,” என்றபடி உரிமத்தில் கையெழுத்திட்டார்.

வாசலில் கணவன் காத்திருந்தான். அவன் இடுப்பிலிருந்த குழந்தை அம்மாவைக் கண்டதும் தாவியது. மாதங்கி பின்வாங்கி, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“நீங்களே வச்சுக்குங்க,” என்றாள்.