மூணு நாள் பழைய புகை

"அந்த ரொட்டிக்கடையை இந்த வாரத்துக்குள்ள இழுத்து மூட வைக்கலேன்னா என்னை ஏன்னு கேளுங்க!"

காத்து மாசைச் சோதிக்கிற லேப்ல சேர்ந்து ரெண்டே மாசம். அதுக்குள்ள அவளுக்கு மிளகாய்னு பேரு விழுந்தாச்சு.

கோபத்துல நியாயம் இல்லாம இல்ல. அக்கா பொண்ணுக்கு மூணு மாசமா மூச்சிரைப்பு. பக்கத்துச் செவுரு ரொட்டிக்கடை, விறகு அடுப்பு. மூடச் சொல்லி தெருவே கையெழுத்துப் போட்ட மனு பையில இருக்கு. கூட ஒரு ஆதாரம் வேணும்னு அக்கா வீட்டு மொட்டைமாடியில ஒரு வாரம் பில்டர் மாட்டி காத்துல இருக்குற துகளைப் பிடிச்சிருந்தா.

சீனியர் அண்ணன் ரிசல்ட்டைப் பாத்து உதட்டைப் பிதுக்கினார்.

"மிளகாய், இது பழைய புகை."

"புகையில என்னண்ணா பழசு, புதுசு? நியூஸ் பேப்பரா அது?"

"அடுப்பை விட்டுக் கிளம்பின துகள் அப்படியேவா இருக்கும்? வெயில் படும், ஆக்சிஜன் ஒட்டும். மூணு நாள்ல ஆளே அடையாளம் தெரியாம மாறிடும். இது பூரா அப்படி மாறினது. எங்கேயோ தூரத்துல இருந்து மிதந்து வந்திருக்கு. பக்கத்துல எரியுற அடுப்போட புதுப் புகை பொட்டு கூட இல்ல."

"ரொட்டிக்காரர் விடியறதுக்குள்ள எரிச்சு முடிச்சுடுவார்ணா! அது எப்படி இல்லாம போகும்?" சட்டுனு நிறுத்தினா. "பில்டரைப் பாத்துட்டார்! அந்த ஒரு வாரம் மட்டும் அடுப்பை அணைச்சுட்டார். என் தலையிலயே மிளகாய் அரைச்சிருக்கார்!"

சாயங்காலம் மனுவும் கையுமா கடைக்குள்ள பூந்தா.

"அளக்குறாங்கன்னு தெரிஞ்சதும் அடுப்பை அணைச்சுட்டு நல்லவர் வேஷமா?"

ரொட்டிக்காரர் திருதிருன்னு முழிச்சார். "யாரும்மா, எதை அளந்தாங்க?"

"நடிக்காதீங்க!"

விறுவிறுன்னு பின்பக்கம் போய் அடுப்புக்குள்ள எட்டிப் பாத்தா. விறகு இல்ல, சாம்பல் இல்ல. அடுப்பு வாய் முழுக்க சிலந்தி வலை. ஒரு வாரத்துல கட்டின வலை இல்ல அது.

"பாப்பா மூச்சுக்குத் திணறுனது செவுரு தாண்டிக் கேட்டுச்சும்மா. அன்னைக்கு அணைச்சது, மூணு மாசமாச்சு. விக்கிறதெல்லாம் வெளியில வாங்குற ரொட்டிதான்."

அவ மனுவை முதுகுக்குப் பின்னால மறைச்சா.

ரொட்டிக்காரர் குரலைத் தாழ்த்தினார். "பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதம்மா. ரொட்டி மாமா சுட்டதுன்னாத்தான் அவ சாப்பிட வாயைத் திறப்பா."