ஒரே கையெழுத்து

“இதெல்லாம் உங்க பொண்ணு எழுதினதுதானேம்மா?”

வகுப்பு டீச்சர் மேஜைமேல் சீட்டுகளைக் கொட்டினார். மொத்தம் இருபத்தேழு.

இஸ்திரிக்காரம்மா குனிந்து பார்த்தாள். பார்க்கவே வேண்டியதில்லை. அந்த முத்து முத்தான எழுத்தை இருட்டில் காட்டினாலும் சொல்லிவிடுவாள். பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகையில் வாரா வாரம் இருப்பதும் அதே எழுத்துதான். சலவைக் கடைக்கு வருகிற போகிற அத்தனை பேரிடமும் சொல்லிப் பெருமையடித்தாயிற்று.

“ஆமா டீச்சர், சின்னு கையெழுத்துதான்.”

சுவரோரம் நின்ற சின்னு தலையைக் குனிந்துகொண்டாள். பதினாலு வயசு.

“வெள்ளிக்கிழமை லேடி டாக்டர் வர்றாங்க. பொண்ணுங்களுக்கு உடம்பு பத்தி என்ன சந்தேகம்னாலும் பேர் போடாம எழுதி, இந்தப் பெட்டியில போடுங்கன்னு சொன்னோம். இவ ஒருத்தியே இருபத்தேழு போட்டிருக்கா! நாலஞ்சுக்கு மேல படிக்கவே கூசுது.”

“பெட்டியில பூட்டு தொங்குதே டீச்சர்?”

“சாவி என்கிட்டதானே இருக்கு? டாக்டர் முன்னாடி மானம் போயிடக் கூடாதுன்னு முன்கூட்டியே பார்த்துட்டேன்.”

ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது, ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. அப்படியும் டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்து விசிறிக்கொண்டார்.

“ஹெச்.எம்.கிட்ட சொல்லி, ஒரு வாரம் இவளை வீட்டுல உட்கார வைக்கப் போறேன். கெட்டுப்போனது இவளோட நிக்கட்டும்.”

இஸ்திரிக்காரம்மாவுக்குக் கை துறுதுறுத்தது. ‘கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காது’ என்று சலவைக் கடைக்காரர் கிண்டல் பண்ணும்போதெல்லாம் மல்லுக்கு நிற்பவள் அவள். அந்தாள் வாய் பலித்துவிட்டதோ? அறைவதற்கு முன்னால் என்னதான் எழுதியிருக்கிறாள் என்று பார்த்துவிடலாமென ஒரு சீட்டை எடுத்தாள்.

‘கூடப் படிக்கிறவங்க எல்லாரும் பெரியவளாயிட்டாங்க. நான் மட்டும் இன்னும் ஆகல. எனக்கு ஏதாவது குறையா?’

இன்னொன்று.

‘எனக்கு மாசத்துல ரெண்டு தடவை வருது. ரத்தம் தீர்ந்துபோயிடுமா?’

‘வெள்ளைப்படுறது நோயா?’

‘மேலுதட்டுல மீசை மாதிரி முடி முளைக்குது. பையனா மாறிடுவேனா?’

நூறு சட்டை ஒன்றாய்க் குவிந்து கிடந்தாலும், காலர் தேய்ந்திருப்பதைப் பார்த்தே இது இன்னார் வீட்டுச் சட்டை என்று பிரித்து வைக்கிறவள் அவள். இரண்டு சீட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“டீச்சர், இது இன்னும் வயசுக்கே வராத பொண்ணு. இது மாசத்துக்கு ரெண்டு தடவை வர்ற பொண்ணு. ரெண்டும் ஒரே பொண்ணா எப்படி இருக்க முடியும்?”

பதிவேடு விசிறுவது நின்றது.

“என்ன சொல்றீங்க?”

“எழுத்துதான் ஒண்ணு டீச்சர். உடம்பு இருபத்தேழு.”

சின்னு மெல்ல வாயைத் திறந்தாள். “எங்க நோட்டையெல்லாம் நீங்கதானே டீச்சர் திருத்துறீங்க? எழுத்தைப் பார்த்தா யாருன்னு கண்டுபிடிச்சிடுவீங்கன்னு ஒருத்தர்கூட போடல. திங்கள்கிழமை வரைக்கும் பெட்டி காலி. அதான், நானே எல்லாருக்கும் எழுதித் தர்றேன்னு சொன்னேன்.”

“மாட்டினா நீ ஒருத்தி மட்டும் மாட்டுவேன்னு தெரியாதா?”

“தெரியும் டீச்சர்.”

“சரி, எது யாரோடதுன்னு சொல்லிடு. உன்னை விட்டுடறேன்.”

“அதைச் சொல்ல மாட்டேன். வேணும்னா ஒரு வாரம் வீட்டுல உட்கார்றேன்.”

இஸ்திரிக்காரம்மாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இத்தனை நாள் கையெழுத்துக்காகப் பெருமைப்பட்டோமே, எவ்வளவு சின்ன விஷயத்துக்கு என்றிருந்தது. “சொல்லாதேடி என் தங்கம்” என்றாள், டீச்சர் எதிரிலேயே.

டீச்சருக்குச் சுருக்கென்றது. கடைசியாகக் கிடந்த ஒரு சீட்டை எடுத்து உரக்கப் படித்தார்.

“‘வயசு நாற்பத்தாறு. திடீர் திடீர்னு உடம்பு கொதிச்சு வேர்த்து ஊத்துது. காரணமே இல்லாம கோபம் வருது. இஸ்திரிப் பெட்டிச் சூடுன்னு சொல்றாங்க. ஆனா லீவு நாள்லயும் கொதிக்குதே, ஏன்?’ இது யாரு? நாற்பத்தாறு வயசுல என் வகுப்புல எவ இருக்கா?”

சின்னு அம்மாவைப் பார்க்காமல் வேறு பக்கம் பார்த்தாள்.

இஸ்திரிக்காரம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

“அந்த ஒரு பேரை மட்டும் நானே சொல்றேன் டீச்சர். அது நான்தான்.”

டீச்சர் சீட்டுகளை ஒவ்வொன்றாக மடித்துப் பெட்டிக்குள் போட்டார். பூட்டினார். சாவியைச் சின்னுவிடம் நீட்டினார்.

“வெள்ளிக்கிழமை டாக்டர் கையில நீயே கொடு.”

அம்மாவும் பெண்ணும் கிளம்பினார்கள். வாசல் தாண்டுவதற்குள், “கொஞ்சம் நில்லு சின்னு” என்ற குரல் கேட்டது.

டீச்சர் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். கழுத்து வேர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, ஒரு துண்டுத் தாளைச் சின்னுவிடம் கொடுத்தார்.

“உங்க அம்மா கேள்வியையே இன்னொரு தடவை எழுதிப் போட்டுடும்மா, உன் கையெழுத்துலயே. வயசை மட்டும் நாற்பத்தொன்பதுன்னு மாத்திக்கோ.”